ஒரு கரண்டித் தண்ணீரில்

துவைப்பதற்காகத் தலையணை உறையைக் கழற்றி உதறியபோது மாத்திரைகள் தரையில் சிதறின. சில முழுதாக இருந்தன. சில எச்சிலில் மேல்பூச்சு உரிந்து காய்ந்திருந்தன. ஜஹானாரா குனிந்து பொறுக்கவில்லை. உறையைக் கையில் பிடித்தபடியே மகளைக் கூப்பிட்டாள்.

இஷ்ரத் வந்து பார்த்தாள். எல்லாம் அத்தாவின் ரத்த அழுத்த மாத்திரைகள். அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்று டாக்டர் குழம்பி, வீரியத்தைக் கூட்டி எழுதியது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அத்தா எல்லாவற்றையும் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, அவர்கள் அந்தப் பக்கம் போனதும் துப்பியிருக்கிறார். கட்டிலில் உட்கார்ந்திருந்த அவள் தகப்பன் அலி அக்பர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னொரு தபா வாதம் வந்தா இன்னா ஆவும்னு டாக்டரு சொன்னாருல்ல? கேட்டுக்கினுதானே வந்தீங்க?" ஜஹானாராவின் குரல் உடைந்தது.

"தொண்டைல நிக்கிது." பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குப் பேச்சு மெதுவாக, குழறித்தான் வரும். "அன்னிக்கு மாரி ஆயிடும்."

அன்றைக்கு என்பது ராயபுரத்தில் ஒரு நிக்காஹ் விருந்து. ஒரு வாய் தண்ணீர் புரையேறி, மூச்சு அடைத்து, கண் பிதுங்கிப் போனார். யாரோ முதுகில் அடித்தார்கள். மற்றவர்கள் பிரியாணித் தட்டை விட்டு எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அவர். ஆட்கள் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் உட்கார்ந்து பழகியவர். அந்த விருந்துக்குப் பிறகு, யார் எதிரிலும் அவர் வாயைத் திறந்து சாப்பிடவில்லை. மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் கசப்பு தாங்காமல் துப்பினார். கூழ் பதத்தில் எது கொடுத்தாலும் இறங்கும், தண்ணீராகக் கொடுத்தால்தான் ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் விழுங்குவதற்குத் தொண்டைப் பயிற்சி கொடுத்த அம்மாள் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

இஷ்ரத்துக்கு வேலை எண்ணூர்ப் பக்கம் விம்கோ நகரில், ஒரு சிறிய மாத்திரை கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில். விழுங்க முடியாதவர்களுக்காக ஒரு மாத்திரை தயாரித்துக்கொண்டிருந்தார்கள். கரண்டியில் சிறிது தண்ணீர் விட்டு அதைப் போட்டால் தானே உடைந்து கூழாக வேண்டும். உடைப்பதற்கென்று அதில் சேர்ப்பது உருளைக்கிழங்கு மாவுச்சத்திலிருந்து எடுத்த ஒரு வெள்ளைப் பொடி. தண்ணீர் பட்டதும் அது பல மடங்கு ஊதி, மாத்திரையை உள்ளிருந்து தள்ளிப் பிளக்கும். அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். ஆனால் மாத்திரை உடையவில்லை. ஒவ்வொரு முறையும் பொடியைக் கூட்டிப் பார்த்தாள். கூட்டக் கூட்ட இன்னும் பிடிவாதமாக நின்றது.

தலையணை உதறிய மறுநாள், தண்ணீரில் ஊறிய ஒரு மாத்திரையை எடுத்து நகத்தால் பிளந்தாள். வெளியே வழவழவென்று பசை. உள்ளே வெயிலில் காய்ந்த மாவு போல ஈரமே இல்லை.

"சார், இத கொஞ்சம் பாருங்க."

ஆய்வுக்கூடத் தலைவர் செங்குட்டுவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "மேல இருக்கிற பொடி பசையாகி வழிய அடைச்சிருச்சு. தண்ணி உள்ள போவல."

"அப்ப நான் கூட்டுனதுதான் தப்பு. கொறச்சு, ரெண்டா பிரிச்சுப் போட்டுப் பாக்கட்டா? பாதி குருணைக்குள்ள, பாதி குருணைக்கு வெளில."

"போடு."

மாவைக் குருணையாக்கி, அந்தக் குருணைகளை இயந்திரத்தில் அழுத்தித்தான் மாத்திரை செய்வார்கள். வெளியே இருக்கும் பொடி முதலில் மாத்திரையைக் குருணைகளாக உதிர்க்கும், பிறகு உள்ளே இருப்பது குருணையை உடைக்கும் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கும் உடனே பலிக்கவில்லை. இயந்திரத்தின் அழுத்தம் குறைந்தால் மாத்திரை எண்ணூர்க் காற்றின் ஈரத்திலேயே ஓரம் உதிர்ந்தது, கூடினால் கல்லானது. மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில்தான், கரண்டியில் போட்ட மாத்திரை ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு, விளிம்பில் வெடித்து, மெல்லச் சரிந்து வெள்ளைக் கூழானது. இஷ்ரத் கரண்டியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். செங்குட்டுவன்தான் கைதட்டினார்.

மருந்தே சேர்க்காத மாத்திரைகளை வாயில் போட்டு ருசி சொல்ல ஆள் தேவைப்பட்டது. தொண்டைப் பயிற்சி அம்மாளிடமும் செங்குட்டுவனிடமும் கேட்டுக்கொண்டு, அவள் சிலவற்றை வீட்டுக்குக் கொண்டு போனாள்.

"அத்தா, இதுல மருந்து இல்ல. ஒங்க ஒடம்புக்காவ இல்ல, என் வேலைக்காவ. எப்டி கீதுன்னு யாராச்சும் சொல்லணும்."

அவள் நீட்டிய கரண்டிக் கூழை அலி அக்பர் வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு, "ரெண்டு பேரும் திரும்பிக்கோங்க," என்றார். அவர்கள் திரும்பிக்கொண்டார்கள். ஜஹானாராவின் விரல்கள் மகளின் மணிக்கட்டை இறுக்கின. இருமல் வரவில்லை.

"ச்சீ," என்றது குரல். "ஆரஞ்சு முட்டாய சோப்புத் தண்ணில முக்குனா மாரி கீது. நாக்குல மணலு மாரி வேற ஒட்டுது. இத எவன் துன்னுவான்? போயி சொல்லு ஒங்க சாருகிட்ட."

விருந்துக்குப் பிறகு இத்தனை வார்த்தைகளை அவர் சேர்த்துப் பேசி அவர்கள் கேட்டதில்லை. இஷ்ரத் அப்படியே போய்ச் சொன்னாள். செங்குட்டுவன் சிரித்துவிட்டு வாசனையைக் குறைத்தார், பொடியை இன்னும் நைசாகச் சலிக்கச் சொன்னார். அடுத்தடுத்து வந்தவற்றையும் அலி அக்பர் திட்டினார். திட்டு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவர்களைத் திரும்பச் சொல்வதையும் ஒருநாள் மறந்துபோனார்.

மருந்து சேர்த்த மாத்திரை கடைக்கு வர இன்னும் நாளாகும். ஈரத்தில் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும், அனுமதி வாங்க வேண்டும். இஷ்ரத் அதை மறைக்காமல் அத்தாவிடம் சொன்னாள்.

மறுநாள் காலை அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படி வரைக்கும் நடந்து வந்தார்.

"அந்தக் கசப்பு மாத்திரய இடிச்சு கூழுல கலந்து குடு," என்றார் ஜஹானாராவிடம்.

அவள் கலந்து கொடுத்தாள். அவர் கண்ணை மூடி வாயில் வாங்கினார். முகம் கோணியது. தொண்டை ஒருமுறை ஏறி நின்றது, பிறகு இறங்கியது. யாரும் கேட்காமலே, தாயும் மகளும் பார்க்கும்படி, அலி அக்பர் வாயை ஆவென்று அகலத் திறந்து வெறும் நாக்கை நீட்டிக் காட்டினார்.