மலையடிவாரத்தில் எடுத்த வாரம்

‘அஞ்சாம் நம்பர் ஸ்டேஷன்’ தொடர் ஓடிய காலத்தில், செவ்வாய்க்கிழமை வந்தால் கச்சிராயபாளையத்தில் அடுப்பில் சோறு தீய்ந்தாலும் யாரும் டிவி முன்னால் இருந்து எழுந்திருக்க மாட்டார்கள். சோப்பு விளம்பரம் போக மிச்சமிருக்கிற நேரத்துக்குள் இன்ஸ்பெக்டர் கொலைகாரனைப் பிடித்து, மீசையையும் ஒருதரம் தடவிக்கொள்வார். நிஜ போலீசுக்கு அவ்வளவு அவசரம் கிடையாது என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

கோகிலவாணி ஒரே ஒரு வாரத்தைத் தவறவிட்டாள். அவர்கள் ஊரிலேயே, கல்வராயன் மலையடிவாரத்தில் எடுத்த வாரம் அது. அன்றைக்குப் பார்த்து அவள் புருஷன் நாராயணசாமி அவளை மணலூர்பேட்டையில் ஒரு காதுகுத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். தானே கான்ஸ்டபிள் வேஷம் கட்டி நின்ற வாரத்தைப் பார்க்காமல் எந்த மனுஷனாவது காதுகுத்துக்குப் போவானா? அந்தக் கேள்வி அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் பார்க்கத் தவித்தது புருஷனை அல்ல, பாவாடை என்கிற தன் தம்பியை. நாராயணசாமி அந்தக் காலத்தில் மலையிலிருந்து லாரி டியூபில் சாராயம் இறக்கிக்கொண்டிருந்தார். இனிமேல் இறக்கினால் ஸ்டேஷனில் சொல்லிவிடுவேன் என்று தம்பி மாமனிடம் மல்லுக்கு நின்றது தெருவுக்கே கேட்டது. ஷூட்டிங் முடிய இரண்டு நாள் இருக்கும்போது நடந்த சண்டை அது. அன்று ராத்திரி வெளியே போனவனை அதற்குப்பிறகு அவள் பார்க்கவில்லை. கடைசி நாள் கூட்டத்தோடு கூட்டமாக நடித்துவிட்டு, ஷூட்டிங் வேனிலேயே மெட்ராசுக்கு ஏறிப் போய்விட்டான், என் கண்ணால் பார்த்தேன் என்றார் நாராயணசாமி. பையன் சினிமாப் பைத்தியம், அதனால் எல்லாரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள். பொங்கலுக்குப் பொங்கல் அவனுக்கு ஒரு வேட்டி எடுத்து வைத்துவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டாள்.

போன மாசம் சென்னையில் இருக்கும் மகள் இலக்கியா, ஒரு பழைய கடையில் அந்தத் தொடர் முழுக்க டிஸ்க்காகக் கிடைத்ததென்று வாங்கி அனுப்பினாள். தனக்குப் பார்க்க நேரமில்லை, அப்பா வருகிற இடத்தை நீயே தேடிக்கொள் என்று போனில் சொன்னாள். கோகிலவாணிக்குக் கை கால் ஓடவில்லை. கடைசி நாள் கூட்டத்தில் தம்பி முகம் ஒரு நொடி தெரிந்தால் போதும், உயிரோடுதான் போனான் என்று மனசு ஆறிவிடும். நாராயணசாமியோ பிளேயர் ரிப்பேர் என்றார். செத்த தொடரைப் பார்த்து இன்னா ஆகப்போகிறது என்றார். டிஸ்க் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டார்.

அவர் மக்காச்சோளத்தை மண்டியில் போட சின்னசேலம் போன ஒரு மத்தியானம், மலைமேல் மேகம் கறுத்து நிற்கையில், அவள் பெட்டியை இறக்கினாள். பிளேயர் ஒரு கோளாறும் இல்லாமல் ஓடியது.

ஊர்க் கூட்டம் வந்தது. எப்போதோ செத்துப்போன பெரியம்மாள்கூட இடுப்பில் குடத்தோடு நின்று கேமராவை முறைத்தாள். பாவாடை இல்லை. ஓட்டிப் பார்த்தாள், நிறுத்திப் பார்த்தாள், ஒவ்வொரு முகமாகத் தடவிப் பார்த்தாள். இல்லவே இல்லை.

அடுத்த காட்சியில் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று நீளமாக வசனம் பேசினார். அவருக்குப் பின்னால், தூரத்தில், அவர்களுடைய மரவள்ளிக் கொல்லை தெரிந்தது. காக்கி போட்ட ஒரு ஆள் கையில் சொம்போடு கிணற்று மேட்டோரம் போனார். நடையைப் பார்த்ததுமே அது தன் புருஷன் என்று தெரிந்துவிட்டது. பூட்ஸைக் கழற்றி வைத்தார். ஒரு இடத்தை இடப்பக்கமாகச் சுற்றி வந்தார். குந்தி உட்கார்ந்து சொம்பைச் சாய்த்தார், வெள்ளையாக இறங்கியது. எழுந்து, யாரோ பின்னாலிருந்து கையாட்டிக் கூப்பிட்டும் திரும்பாமல், நேராகக் கேமராவை நோக்கி நடந்து வந்து இன்ஸ்பெக்டருக்கு சல்யூட் அடித்தார்.

படம் எடுத்தவர்களுக்கு அது என்ன எழவு தெரியும்? மெட்ராஸ்காரர்கள் பார்த்திருந்தாலும், பாவம், ஏதோ சாமி கும்பிடுகிறார் என்று விட்டிருப்பார்கள். இந்த ஊரில் பிறந்தவளுக்குத் தெரியாதா? புதைத்த மூன்றாம் நாள் பால் தெளிக்கிற முறை அது. இடம்சுற்றுவதும், திரும்பிப் பாராமல் வருவதும் செத்தவர்களுக்குத்தான். அந்த இடத்தில்தான் அதே கோடையில் அவசர அவசரமாக மோட்டார் ரூம் கட்டினார். அதன் நிழலில் உட்கார்ந்து எத்தனை வருஷம் கூழ் குடித்திருக்கிறாள்.

வாசலில் வண்டி நின்ற சத்தம் கேட்டும் அவள் டிவியை அணைக்கவில்லை. நாராயணசாமி உள்ளே வந்து, நிறுத்திவைத்த படத்தைப் பார்த்தார். சொம்பு சாய்ந்தபடி இருந்தது. மழை பிடித்துக்கொண்டது.

இந்த மனுஷன் ஒரு பொய் சொல்லிவிட மாட்டாரா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது. அந்தப் பொய்யையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

“பாம்புப் புத்துக்குத்தானேங்க பால் ஊத்தினீங்க?”

அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். தாழ்ப்பாளிலேயே கையை வைத்துக்கொண்டு, “இலக்கியா இத பாத்தாளா?” என்று கேட்டார்.

எதற்காகக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

“பாத்துட்டா. அவதான் இந்த எடத்த நிறுத்திப் பாக்கச் சொன்னா. சாயங்காலம் வந்துக்கினு இருக்கா” என்றாள். மூன்றும் பொய். குரல் நடுங்காமல் வந்ததே பெரிய காரியம்.

அவர் கை தாழ்ப்பாளை விட்டு இறங்கியது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவர் மன்னிப்புக் கேட்பார் என்று அவள் எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. அவர் கேட்கவில்லை. இவள் என்னைக் குறைவாக எடைபோட்டுவிட்டாளே என்கிற வருத்தம்தான் அந்த முகத்தில் இருந்தது.

“மச்சான் முறைடி அவன். பால் ஊத்தாம அப்பிடியே வுட்டுட முடியுமா?”