தேறாத பிரிண்டுகள்

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், காலண்டர் கம்பெனிகளுக்கு மலையும் ஏரியும் படம் எடுத்துக் கொடுப்பவர். அவர் படங்களில் மருந்துக்குக்கூட ஒரு மனிதர் இருக்க மாட்டார். ஆடு மேய்ப்பவர் யாராவது குறுக்கே வந்துவிட்டால், அவர் போய்த் தொலையும்வரை காத்திருப்பார். காற்றில் கேமரா நிற்கும் ட்ரைபாட் சாயாமல் பிடித்துக்கொண்டு அக்காவும் நிற்பாள். சம்பளமில்லாத உதவியாளர் என்று அவளைக் கேலி செய்வேன். அவள் சிரித்துவிடுவாள், எனக்குத்தான் வயிறு எரியும்.

ஊரடங்கில் நானும் அவர்கள் வீட்டில் மாட்டிக்கொண்டேன். அத்தானுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எங்களை உள்ளே விடவில்லை. அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு காலையில் எழுந்து அலமாரிகளைக் கவிழ்க்க ஆரம்பித்தாள். அவருடைய படம் ஒன்று வேண்டுமாம். கல்யாண ஆல்பத்து ஒல்லிப் பையனையும் அடையாள அட்டையில் முறைக்கிற ஆளையும் தனக்குத் தெரியாது என்றாள். மற்றபடி அவர் எப்போதும் கேமராவுக்குப் பின்னால்தான். யாராவது போனைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"அவருக்கு ஏதாவது ஆயிட்டா, பாக்கறதுக்கு எங்கிட்ட ஒரு மூஞ்சிகூட இல்லடி," என்றாள்.

வாயைக் கழுவு என்று அதட்டினேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

கட்டிலுக்கு அடியில் தேறாத பிரிண்டுகளின் பெட்டி கிடைத்தது. விடியலில் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்தால், எடுப்பவரின் நிழல் நீளமாகப் படத்துக்குள் விழுந்துவிடும். அத்தானைப் பொறுத்தவரை அது பெரிய குற்றம். அப்படி விழுந்ததையெல்லாம் சிவப்பு மையால் அடித்து ஒதுக்கியிருந்தார். அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள்.

மணல்மேட்டில் விழுந்த தலை, புல்வெளியில் விழுந்த தோள், பாறையில் விழுந்த கை, ஏரிக்கரைக் கூழாங்கற்களில் விழுந்த கால்கள். பெரிய அட்டையில் பனிமலையையும் வயலையும் கடலையும் ஒட்டுப்போட்டு ஒரே நிலமாக்கி, அதில் அவரை நிறுத்தினாள். அளவு பொருந்தாமல் தோளை மட்டும் நாலைந்து தடவை மாற்றினாள். நான் சமைத்தேன், துணுக்குகளைப் பெருக்கினேன், முணுமுணுத்தேன். முடிந்தபோது பார்த்தால், சொல்லத்தான் வேண்டும், அவரேதான். இடது தோள் சற்றுத் தாழ்ந்து, எங்களால்தான் வெளிச்சம் கெட்டது என்பது போன்ற அதே நிற்பு.

ஒரு நர்ஸ் இரக்கப்பட்டுத் தன் போனில் வீடியோ அழைப்பு போட்டுக் கொடுத்தாள். மூக்கில் குழாயோடு கிடந்தவரிடம் அக்கா அட்டையைத் தூக்கிக் காட்டினாள். பிரிண்டின் ஓரம் மடங்கினாலே பேச்சை நிறுத்திவிடுகிற ஆள். நான் திட்டு வாங்கத் தயாரானேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"வலது கை என்னோடது இல்ல," என்றார்.

அக்காவுக்குப் புரியவில்லை.

"அது நீ. அன்னைக்கு ஆளையே தூக்குற காத்து. ட்ரைபாட புடிச்சுக்கிட்டு என்னை ஒட்டி நின்ன. ரெண்டு பேர் நிழலும் சேந்து விழுந்துச்சு."

வெட்டி எடுத்துவிடுகிறேன் என்றாள் அக்கா, ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி. வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அதற்குள் நர்ஸுக்கு வேலை வந்துவிட்டது. இத்தனை வருஷம் அக்கா பக்கத்தில் நின்றதை அந்த மனிதர் கவனித்திருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. அக்கா மேசையில் தலைவைத்து அழுதாள். நானும்தான்.

எலும்பும் தோலுமாக வீடு திரும்பினார். மறுநாளே அக்கா அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, என்னிடம் போனைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். அவர் முகத்தைத் திருப்பவில்லை. ஆனால் நான் எடுக்கப் போகும்போது கையைத் தூக்கி நிறுத்தினார். வெளிச்சத்தைக் குறை சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அவ ஏன் அங்க நிக்கிறா?" என்றார். "இங்க வரச் சொல்லு."