திருப்பிக் கொடுத்த பழம்

நேசக்குமார் வீட்டில் தலையைக் குனிந்து நடந்து யாருக்கும் பழக்கமில்லை. அவருடைய தாத்தா நாசரேத்தில் வாத்தியாராக இருந்தவர். தகப்பனார் சாத்தான்குளத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நேசக்குமாருக்குத் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் மேலாளர் வேலை. நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதுகைச் சாய்க்காத குடும்பம் அது. ஒரே மகள் ஜெப்ஸிக்கும் அந்த முதுகுதான் வாய்த்திருந்தது. முடி மட்டும் அவளுடைய அம்மா ஜெபசெல்வி வழியில் வந்தது. சுருண்டு சுருண்டு, ஒரு மயிர் அடுத்த மயிரைப் பிடித்துக்கொண்டு விடாது. காலையில் சீப்பு எடுத்தால் பள்ளிக்கூட வேன் வருகிற வரைக்கும் அந்த வீட்டில் அழுகைச் சத்தம்தான்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில் ஜெப்ஸி டைபாய்டில் படுத்தாள். எழுந்தபோது பின்னந்தலையிலும் காதோரத்திலும் முடி திரிதிரியாகப் பிடித்திருந்தது. அம்மா தேங்காய் எண்ணெயோடு வந்து உட்கார்ந்தாள். ஜெப்ஸி கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"இது இப்பிடியே இருக்கட்டும்மா. இப்பத்தான் தலை வலிக்காம இருக்கு."

நேசக்குமார் முதலில் சத்தம் போட்டார். பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து அவரைக் கூப்பிட்டு, இந்தக் கோலத்தில் பிள்ளையை அனுப்பலாமா என்று தலைமை ஆசிரியை கேட்டபோது, அவருடைய கோபம் திசை மாறியது.

"தலை சுத்தமா இருக்கு. இறுக்கிக் கட்டியிருக்கா. ரிப்பன் கறுப்பு. உங்க விதியில இன்னும் என்ன மேடம் குறையுது? எங்க வீட்டுப் பிள்ள தலைக்கு நான் ஜவாப்பு" என்று சொல்லிவிட்டு, கொடுத்த தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தார். அன்றிலிருந்து அந்த முடி ஜெப்ஸியின் விருப்பம் மட்டுமல்ல. அப்பா கொடுத்த வாக்கும் அதில் பின்னிக் கிடந்தது.

பதினொன்றாம் வகுப்பில் பெண்பிள்ளைகளின் வாய் சும்மா இருக்குமா.

"ஏளா ஜெப்ஸி, ஆர்பர்ல கப்பல் கட்டுற வடம் அத்துப் போச்சாம். ஒங்கிட்ட ஒண்ணு கடன் கேக்காவ."

"உள்ள அணில் குட்டி போட்டிருக்காம்ளா. மெதுவா பேசு, முழிச்சிரும்."

சிரித்தவர்களைத் திரும்பிப் பார்ப்பது அவள் வீட்டு வழக்கமில்லை. அவள் கரும்பலகையைப் பார்த்தபடி இருந்தாள். ஆனால் அனுசியா வாயோடு நிற்கவில்லை. பின்பெஞ்சில் இருந்துகொண்டு காதோரத் திரி ஒன்றைப் பிடித்து இழுப்பாள். மணி அடிக்கிற மாதிரி இழுத்து, "சர்ச்சு மணி, சர்ச்சு மணி" என்பாள். ஒருநாள் வேரோடு வந்துவிடும்போல் வலித்தது. ஜெப்ஸி எழுந்து திரும்பினாள். கண்ணை உருட்டி, நாக்கைக் கடித்து, அம்மன் கோவில் கொடைவிழாவில் சாமியாடுகிறவர்களைப்போல உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

"தொட்ட கை தங்குதான்னு பாப்போம்" என்றாள்.

வகுப்பு சிரித்தது. அனுசியாவும் சிரித்தாள்.

மறுநாள் அனுசியா வலது கையில் மாவுக்கட்டோடு வந்தாள். உப்பு லாரியிலிருந்து ஒழுகிய தண்ணீரில் அவளுடைய அண்ணனின் ஸ்கூட்டர் வழுக்கிவிட்டது. அந்தச் சாலையில் வாரம் ஒருவர் அப்படி விழுவதுண்டு. இது எல்லோருக்கும் தெரியும், ஜெப்ஸிக்கும் தெரியும். "ஏளா, அது உப்புத் தண்ணி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அன்றைக்கு யாரும் வடம் கேட்கவில்லை, அணிலை விசாரிக்கவில்லை. மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு ஒரே நாளில் அடங்கியது. அந்த அமைதி அவளுக்கு இனித்தது.

அடங்கிய இடத்தில் வேறொன்று முளைத்தது. அவள் நடந்து வந்தால் வராந்தாவில் வழி விட்டார்கள். தேர்வன்று காலையில் அவளுடைய மேசையில் குங்குமப் பொட்டலம் இருந்தது. "சடை தானா விழுந்திருக்குன்னா அம்மன் வந்து உக்காந்திருக்கான்னு அர்த்தம்ளா. வேதக்கார வீடுன்னு அவ பாப்பாளா?" என்று தண்ணீர்க் குழாயடியில் யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் பொட்டலத்தைக் குப்பைக்கூடையில் போட்டாள். மறுநாள் கூடையில் அது இல்லை. யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

அவளுடைய பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவள் சந்தனமாரி. திரேஸ்புரத்துப் பிள்ளை. அவளுடைய அப்பா செந்தூர்வேல் கடலுக்கடியில் முங்கிச் சங்கு எடுக்கிறவர். கேலி செய்த காலத்திலும் கேலி செய்யாதவள் அவள் ஒருத்திதான். ஒரு வெள்ளிக்கிழமை, கடைசி மணி அடித்துப் பைகளை எடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் கைக்குட்டையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து ஜெப்ஸியின் கையில் வைத்தாள்.

"எங்கப்பா குடுக்கச் சொன்னாவ. தண்ணி கலங்கிக் கெடந்து இத்தன நாளா கடலுக்குப் போவல. இப்பத் தெளிஞ்சிருக்கு. ஆனா ஆர்பர்ல கூண்டு ஏத்திட்டாங்க. நாளைக்குப் போவலாமான்னு…"

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்ததை ஜெப்ஸியும் காலையில் அப்பா சொல்லக் கேட்டிருந்தாள். ஆனால் அவளுக்குக் கடலைப் பற்றி நினைக்கத் தோன்றவில்லை. பழம்தான் உறுத்தியது. அதுவும் சந்தனமாரி கையிலிருந்து. இது இத்தோடு நிற்கட்டும் என்று அவள் முடிவு செய்தாள். விளக்கம் சொன்னால் அதையும் குறி என்பார்கள். ஒன்றும் பேசாமல் பழத்தைச் சந்தனமாரியின் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்து, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

சந்தனமாரியின் முகம் மலர்ந்தது. மூடிய கையைக் கண்களில் ஒற்றிக்கொண்டு ஓடினாள். வருத்தப்படவில்லை, நல்லது என்று ஜெப்ஸி நினைத்துக்கொண்டாள். அவள் வளர்ந்த வீட்டில் எலுமிச்சம்பழத்துக்கு ஊறுகாயும் சர்பத்தும் தவிர வேறு உபயோகம் கிடையாது.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் போன் அடித்தது. அம்மா ஜெபத்தில் இருந்தாள். அனுசியாவின் குரல்.

"ஜெப்ஸி, நீ செந்தூர்வேல் மாமாவுக்குப் பழம் குடுத்திட்டியாமே."

"குடுக்கல. திருப்பிக் குடுத்தேன்."

"அதாம்ளா குடுக்கறது. சாமி பழத்த வாங்கி வச்சுக்கிட்டா போவக் கூடாது. அது கையால திரும்ப வந்துச்சுன்னா போயிட்டு வான்னு உத்தரவு. ஒனக்கு இது தெரியாதா?"

ஜெப்ஸி தன் வெறும் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"வேற ஒரு வள்ளமும் கடல்ல எறங்கலையாம். சாமி பழம் இருக்குன்னு அவரு மட்டும் போறாராம். சந்தனமாரி போன எடுக்க மாட்டேங்கா." அனுசியாவின் குரல் தாழ்ந்தது. "ஏளா, எனக்குக் கை ஒடிஞ்சதோட போச்சு. அவளுக்கு அப்பாவ ஒண்ணும் பண்ணிராத."

நேசக்குமார் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டபடி வந்து நின்றார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், சாமியாடிக் காட்டியது உட்பட. அவருடைய முகம் இறுகியது. திட்டுவார் என்று நினைத்தாள். அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

கடற்கரையில் வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏற்றப்பட்டிருந்தன. காற்று இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் மினுங்கிக்கொண்டு கிடந்தது. அப்படி ஒரு கடலை ஜெப்ஸி பார்த்ததில்லை. ஒரே ஒரு வள்ளம் தண்ணீரில் நின்றது. அதன் முன்முனையில், அணியத்தில், மஞ்சள் துணியில் முடிந்து அந்தப் பழம் தொங்கியது.

செந்தூர்வேல் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கரைக்கு வந்து கைகூப்பினார். சந்தனமாரியும் அவளுடைய அம்மாவும் பின்னால் நின்றார்கள்.

"நான் நேசக்குமார். இது எம் மவ" என்றார் அப்பா.

"தெரியும் சார்வாள். தாயி கரைக்கே வந்து வழியனுப்புதா. இதுக்கு மேல என்ன வேணும்."

"மாமா, அது உத்தரவு இல்ல" என்றாள் ஜெப்ஸி. "எனக்கு அந்த வழக்கமே தெரியாது. வேண்டாம்னுதான் திருப்பிக் குடுத்தேன். எங்கிட்ட சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. காய்ச்சல்ல சீவாமக் கெடந்து பிடிச்ச சிக்கு இது."

செந்தூர்வேல் குழந்தையின் பேச்சைக் கேட்பதுபோல் சிரித்தார். "இருக்கற எடத்துல அது இல்லேன்னுதான் தாயி சொல்லும்."

வள்ளத்தில் இருந்த மிக்கேல், செந்தூர்வேலோடு கூடப் போகிறவர், கழுத்தில் மாதா சுரூபம் தொங்க, "நாங்கூட வேதந்தான் சார். ஆனா சங்கு எடுக்கப் போறவன் பழத்தத் தள்ள மாட்டான். விடுங்க, வெயிலுக்கு முன்ன போவணும்" என்றார்.

"கூண்டு ஏத்தியிருக்குவே. படிச்சுப் படிச்சுச் சொல்லுதாங்க" என்றார் நேசக்குமார்.

"கூண்டு ஏத்துறவன் ஆபீசுல இருக்கான் சார்வாள். அவனுக்கென்ன."

ஒரு வார்த்தை போதும் என்று ஜெப்ஸிக்குத் தெரிந்தது. வகுப்பில் கண்ணை உருட்டியதுபோல் இங்கேயும் உருட்டி, "போகாதே" என்று அலறினால் செந்தூர்வேல் அந்த மணலிலேயே விழுந்து கும்பிடுவார், வள்ளம் கரையேறும். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பாவும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவர் முகத்தில் இருந்தது. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. செய் என்றும் சொல்லவில்லை. முதுகு நிமிர்ந்தபடி நின்றார், உதடு மட்டும் வெளுத்திருந்தது. மூன்று தலைமுறையாக வேதத்தில் ஊன்றி நின்ற குடும்பத்தின் பிள்ளை கடற்கரையில் சாமியாடினாள் என்று சாயங்காலத்துக்குள் சாத்தான்குளம் வரைக்கும் போகும். ஆடாமல் நின்றால் இந்த மனிதர் போவார்.

செந்தூர்வேல் திரும்பித் தண்ணீரில் இறங்கினார். வலை அறுக்கிற கத்தி வள்ளத்தின் விளிம்பில் செருகியிருந்தது. ஜெப்ஸி பாவாடையோடு தண்ணீருக்குள் போனாள். கத்தியை உருவி, அனுசியா இழுத்து விளையாடிய அந்தக் காதோரத் திரியைப் பிடித்து, அடியில் வைத்து அறுத்தாள். உலர்ந்த கயிறு அறுபடுகிற சத்தம் வந்தது. அறுந்ததை வள்ளத்துக்குள் போட்டாள்.

சந்தனமாரியின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். விழுந்த சடையில் கத்தி படக் கூடாது. பட்டால் அன்றைக்கு அந்த இடத்திலிருந்து யாரும் புறப்படக் கூடாது. இதை ஜெப்ஸிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் அவ்வளவு நாள் காதில் விழுந்த கிசுகிசுப்பில் அவளுக்குப் புரிந்திருந்தது. மிக்கேல் சிலுவை போட்டுக்கொண்டு வள்ளத்திலிருந்து குதித்தார். செந்தூர்வேல் கயிற்றைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"நான் பொய் சொல்லலப்பா" என்றாள் ஜெப்ஸி, ஸ்கூட்டரில் ஏறும்போது.

"பாத்தேன்" என்றார் நேசக்குமார்.

மத்தியானம் காற்று வந்தது. வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி மூடி பறந்து அடுத்த தெருவில் விழுந்தது. நங்கூரமிட்டுக் கிடந்த இரண்டு விசைப்படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. செந்தூர்வேல் வீட்டுக்குள் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். யார் உயிரும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் புறப்பட்டுக் கதவைத் திறந்தபோது வாசற்படியில் எலுமிச்சம்பழங்கள் வரிசையாக இருந்தன. எதிர்ச்சாரியில், முக்காடு போட்ட ஒருத்தி நோயாளிக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். நேசக்குமார் வெள்ளை வேட்டியைச் சற்றுத் தூக்கிக்கொண்டு குனிந்தார். பிறகு நிமிர்ந்தார். பழங்களை அவர் கையால் எடுக்கவில்லை. குடை நுனியால் ஒவ்வொன்றாகச் சாக்கடைப் பக்கம் தள்ளினார். அப்பாவுக்குப் பயம் என்று ஜெப்ஸி அன்றுதான் முதல்முறையாகக் கண்டாள்.

"மீதி முடியையும் எடுத்துரட்டுமாப்பா?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தபடி சொன்னார்: "எடுத்தா அந்தப் பிள்ளைக்கு என்ன வந்தாலும் நீதான்னு சொல்லுவா. நட."

செந்தூர்வேலின் வள்ளம் அன்றைக்குக் கயிற்றால் இழுத்துக் கரையேற்றிய இடத்திலேயே கிடந்தது. உள்ளே கிடந்த திரியைத் தொட யாருக்கும் துணிவில்லை. அதனால் வள்ளத்தையும் யாரும் தொடவில்லை.

திங்கட்கிழமை அவள் வகுப்பறைக்குள் நுழைந்தபோது பேச்சு நின்றது. ஒரு பெஞ்சு நகர்ந்தது, பிறகு இன்னொன்று. ஆசிரியைக்கு எழுந்து நிற்பதுபோல் வகுப்பு முழுவதும் எழுந்து நின்றது. அனுசியா மாவுக்கட்டுக் கையைத் தாங்கிக்கொண்டு எழுந்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு காலத்தில் கேட்ட சிரிப்பு திரும்பி வராதா என்றிருந்தது ஜெப்ஸிக்கு.

சந்தனமாரி முன்னால் வந்து உள்ளங்கையை நீட்டினாள். அதில் ஒரு பழம்.

"அப்பா வேற வள்ளத்துல ஆளாச் சேந்திருக்காவ. நாளைக்குப் போவலாமான்னு…"

வாங்கினால் ஓர் அர்த்தம், திருப்பினால் ஓர் அர்த்தம். ஜெப்ஸி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். முதுகை நிமிர்த்தி, யாரையும் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றாள். இதற்கு யாரும் அர்த்தம் சொல்ல முடியாது என்று நினைத்தாள்.

பின்பெஞ்சிலிருந்து மெல்லிய குரல் ஒன்று எழுந்தது.

"கையக் கட்டிட்டா பாத்தியாளா. வீட்ல சொல்லிருங்க. நாளைக்கு யாரும் கடல்ல எறங்க வேண்டாம்."