எழுபத்தொரு சதவீதத் திருட்டு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து அடுக்கிக்கொண்டிருந்தவளுக்கு மதிய இடைவேளையில்தான் கைப்பேசியைப் பார்க்க முடிந்தது. இணையவழிக் கல்லூரியிலிருந்து தகவல். வரலாற்றுப் பாடத்தின் இறுதிக் கட்டுரைக்கு மதிப்பெண் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதாம். எழுபத்தொரு சதவீதம் ஏற்கெனவே ஒரு மாணவர் எழுதியதோடு ஒத்துப்போகிறதாம். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

பதினைந்து வாரம் உயிரைக் கொடுத்துப் படித்தவள். வாரா வாரம் விவாதப் பலகையில் ஒரு பதிவு, சக மாணவர் இருவருக்கு மறுமொழி, வெள்ளிக்கிழமை சிறுதேர்வு. மற்றவர்கள் 'அருமையான கருத்து' என்று போட்டுவிட்டு மதிப்பெண்ணை அள்ளிக்கொண்டு போக, இவள் மட்டும் ஒவ்வொருவரோடும் மல்லுக்கட்டினாள். அங்கே அவளுக்குச் 'சண்டைக்காரி' என்றே பெயர்.

வீட்டுக்கு வந்ததும் அறிக்கையைப் பிரித்துப் பார்த்தாள். யாரந்த மாணவர் என்றால், சாட்சாத் அவளேதான்! துறைமுக வேலைநிறுத்தம் பற்றி விவாதப் பலகையில் அவள் எழுதிய பதிவுகளை, காப்பியடிப்பைச் சோதிக்கும் இயந்திரம் மோப்பம் பிடித்திருக்கிறது. 'பதிவுகளை வளர்த்துக் கட்டுரையாக்குங்கள்' என்று சொன்ன மகராசன் இதே வரலாற்றுப் பாட ஆசிரியர்தான்.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். "உன்கிட்டயே திருடிட்டியா? பலே ஆளுதான் போ!"

அவள் ஆசிரியருக்குப் போன் போட்டாள்.

"நீங்க எழுதினதுதான், எனக்குத் தெரியுதும்மா. ஆனா எங்கேருந்து எடுத்தீங்கன்னு அடிக்குறிப்பு போடலையே. 'ஒப்புக்கொள்கிறேன்'னு ஒரு பட்டன் இருக்கும், அமுக்குங்க. பாதி மார்க் வரும், பாஸாயிடுவீங்க."

"எதை சார் ஒப்புக்கணும்?"

"பிறர் எழுத்தைத் திருடினேன்னு இருக்கும். சும்மா ஒரு சம்பிரதாயம்."

"அடிக்குறிப்பு போடாதது தப்புன்னா அதுக்கு மார்க்கை வெட்டுங்க, வாங்கிக்கறேன். திருடினேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

"அப்போ மேல்முறையீடுதான். ஆறு வாரமாகும்."

சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர் பதவிக்கு மாதக் கடைசிக்குள் தேர்ச்சிச் சான்று கொடுத்தாக வேண்டும். பதினோரு வருடம் நீராவியில் வெந்தவள், அந்த நாற்காலிக்காகத்தான் படிக்கவே வந்தாள். ஆறு வாரம் காத்திருந்தால் அது கைநழுவிப் போய்விடும்.

கணவனின் சிரிப்பு அடங்கிவிட்டது. "பேசாம அந்தப் பட்டனை அமுக்கிடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"பட்டம் வாங்கத்தான் படிக்கப் போனேன். திருடிங்கற பட்டம் வாங்க இல்ல."

மேல்முறையீட்டுப் படிவத்தைத் திறந்தாள். 'மூல ஆசிரியர் யார்?' என்று கேட்டிருந்தது. தன் முழுப்பெயரை எழுத்துப் பிசகாமல் அடித்தாள்.

'அவரிடம் அனுமதி பெற்றீர்களா?'

அவள் அடித்தாள்: 'கேட்டேன். தாராளமாக எடுத்துக்கொள், எவனுக்கும் தலைகுனியாதே என்றாள்.'