குழி வெட்டியவர்கள் சாட்சி

நாங்கள் காக்கைக் கூட்டம். என் மச்சான் ஹார்லன் கழுகுக் கூட்டம். அலாஸ்காவின் க்ளிங்கிட் மக்களான எங்களுக்குக் கூட்டம் அம்மா வழி; காக்கைக்காரன் கழுகு வீட்டில்தான் பெண்ணெடுக்க வேண்டும். அவன் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து அவன் வாயில் நான் விழாத நாளே கிடையாது.

என் அம்மாவின் தாய்மாமனுக்குத் தாய்மாமன், நூற்றிருபது வருடமாக ஓர் அருங்காட்சியகத்தின் இழுப்பறையில் எலும்பாகக் கிடந்தார். அவரை ஊருக்குக் கொண்டுவர நான் ஒன்பது வருடம் மனுப் போட்டேன். கடைசியில் தலைநகர் ஜூனோவில் விசாரணை. 'எந்தக் கூட்டத்தவர் என்று தெளிவில்லை' என்று தீர்ப்பு வந்தால் இழுப்பறைதான் அவருக்கு நிரந்தரம். மனுக் காகிதப் பெட்டிகளைத் தூக்க ஹார்லனையும் கூட்டிப்போயிருந்தேன்.

அருங்காட்சியகத்தின் வக்கீல் ஒரு பழைய நோட்டை எடுத்தார். மாமனின் சாவுக்கு வந்து வேடிக்கை பார்த்துவிட்டு, அடுத்த மாதமே அவரைத் தோண்டி எடுத்துப்போன மகராசன் எழுதியது. 'காக்கைக் கூட்டத்தார் பிணத்தைத் தொடவே இல்லை. கழுகுக் கூட்டத்தார்தான் குழி வெட்டிப் புதைத்தார்கள்.'

"தொடக்கூடச் செய்யாதவங்க எப்படிச் சொந்தக்காரங்க?" என்றவர் ஹார்லன் பக்கம் திரும்பினார். "நீங்க கழுகுதானே? உங்க ஆளுங்கதானே புதைச்சாங்க? அப்ப அவர் உங்கவர்தானே?"

நான் ஹார்லனைப் பார்த்தேன். போன வாரம்தான் ஹார்லனின் படகு இன்ஜினை இரவல் வாங்கிக் கடலில் போட்டிருந்தேன்.

ஹார்லன் பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான்.

"எங்கவரா இருந்தா நாங்க ஏன் சார் குழி வெட்டுறோம்? உக்காந்து அழுதுட்டில்ல இருப்போம்! அழுறவன் கையிலயா மண்வெட்டியைக் குடுப்பாங்க? எங்க வீட்ல சாவுன்னா இவங்க வெட்டணும், இவங்க வீட்லன்னா நாங்க. நாங்க வெட்டுனோம்னு உங்க நோட்டே சொல்லுது. அப்ப அவரு காக்கைதான்."

விசாரணைக்குத் தலைமை தாங்கிய அம்மாள் நோட்டை வாங்கி மறுபடி படித்தார். "வக்கீல் சார், இவங்க தரப்புல கூட இப்படி ஒரு சாட்சி இல்லையே" என்றார். அறையே சிரித்தது. நான் மட்டும் வெட்கமில்லாமல் அழுதேன்.

அடுத்த மாதம் மாமனின் எலும்புகள் இருந்த தேவதாருப் பெட்டியை ஹார்லனும் அவன் ஆட்களும் படகிலிருந்து இடுகாட்டு மேட்டுக்குச் சுமந்தார்கள். நான் தொடக் கூடாது. வெறுங்கையோடு பின்னால் நடந்தேன்.

"மாப்ளே, உங்க மாமன் லேசு. உன்னைத் தூக்கத்தான் எட்டுப் பேர் வேணும்."

"உனக்குக் குழி வெட்டுறது நான்தான் மச்சான். உன் அகலத்துக்கு இன்னிக்கே ஆரம்பிக்கணும்."

"சிரிக்க வைக்காதடா, பெட்டி ஆடுது!"

புதைத்து முடித்ததும் அவர்களுக்கு நான் விருந்து வைத்தேன். ஹெர்ரிங் மீன் முட்டையை ஹார்லன் மூன்று தட்டு காலி செய்தான். நான்காவது தட்டை நீட்டியபோதுதான் இன்ஜினைப் பற்றிக் கேட்டான்.