ஓயாமல் வாசிக்கிறது

நெளுக்குளத்தில் தாட்சாயினி வேலை செய்யும் கந்தோரில் ஒரு மெஷின் இணையத்தில் வரும் தமிழையெல்லாம் இராப்பகலாக வாசிக்கிறது. சாப்பாடு, நித்திரை ஒன்றும் கிடையாது. வாசித்ததில் உண்மை என்று தனக்குப் பட்டதைத் திரையில் போடும். சரி, பிழை, தெரியாது என்று மூன்று பொத்தான்களில் ஒன்றைத் தாட்சாயினி அமத்த வேண்டும். கிளிநொச்சி ஒரு மாவட்டம் என்றால் சரி. இரணைமடு ஒரு ஆள் என்றால் பிழை, அது குளம். மெஷினுக்குப் புத்தி மட்டு, ஆனால் சொன்னால் கேட்கும்.

மரண அறிவித்தல் என்றால் அதற்கு நல்ல தீனி. எங்கள் சனம் சொந்தபந்தம் முழுவதையும் அதில் எழுதும். முன்னமே செத்தவர்களின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடும். அந்தச் சொல்லை மெஷின் நன்றாகவே பிடித்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை திரையில் வந்தது: தில்லைநாதன் ஜெயந்தன், முள்ளியவளை. காலமானவர்.

ஜெயந்தன் அவளுடைய கணவன். சண்டை முடிந்த நாளில் விசாரணைக்கென்று இராணுவத்தால் பஸ்ஸில் ஏற்றப்பட்டவன். பிறகு ஒரு தகவலும் இல்லை. போன மாதம் அவனுடைய அப்பா கனடாவில் இறந்தபோது, தம்பி கோகுலன் 'காலஞ்சென்ற ஜெயந்தன்' என்று போட்டுக் கொடுத்த அறிவித்தலிலிருந்து மெஷின் இதைப் பொறுக்கியிருக்கிறது. தாட்சாயினிக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. 'தெரியாது' என்பதை அமத்தினாள்.

தெரியாது என்றால் மெஷின் இன்னும் வாசித்துவிட்டுத் திரும்ப வரும். வியாழக்கிழமை வந்தது, அதே அறிவித்தலைப் பார்த்துப் போட்ட வேறு தளங்களின் சாட்சியோடு. அவள் கோகுலனுக்குப் போன் எடுத்தாள்.

"வேற எப்பிடிப் போடுறது அண்ணி? நீங்களும் எத்தினை வருசத்துக்கு இப்பிடியே இருக்கப்போறியள்?"

அன்பாகத்தான் கேட்டான். சரி தம்பி என்று வைத்துவிட்டாள்.

மேற்பார்வை பார்க்கும் தேனுகாவிடம் போனாள். சரி என்று அமத்தினால் மெஷின் இனிக் கேட்காது, உலகத்தில் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லும் என்றாள் தேனுகா. பிழை என்றாலும் அப்படியே நம்பும்.

"பிழையெண்டு உங்களுக்கு வடிவாத் தெரியுமோ அக்கா?"

"ஓம்."

தெரியாது. தெரியாமலேயே பிழை என்று அமத்தினாள். வரி அழிந்தது. காலமாகவில்லை என்றால் உயிரோடு இருக்கிறார் என்று மெஷின் தானாகவே முடிவுகட்டி அடுத்ததைக் கேட்டது: தில்லைநாதன் ஜெயந்தன் இப்போது எங்கே வசிக்கிறார்?

எத்தனையோ விசாரணைகளுக்கு அவள் போயிருக்கிறாள். கடைசியாக எங்கே கண்டீர்கள் என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். எங்கே வசிக்கிறார் என்று இந்த வருடங்களில் ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. அவள் தன் வீட்டு விலாசத்தைத் தட்டினாள்.