இடது பக்கத்து நட்டு

ராஜாராம் ஏலத்தில் எடுத்துவந்த பட்டாளத்து லாரியைப் பார்த்து உத்திரமேரூரில் சிரிக்காதவர்கள் குறைவு. பச்சை பெயின்ட் உரிந்து, ஒல்லி டயர்களின்மேல் நின்ற அந்தக் கிழட்டு வண்டி சேற்றில் இறங்கினால், அதை இழுக்க இன்னொரு வண்டி வேண்டும் என்றார்கள். ராஜாராம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாலவாக்கத்தில் அவருக்கு நிலம் அதிகம். அறுப்புக் காலத்தில் வயலுக்குள்ளேயே இறங்கி நெல் மூட்டைகளை ஏற்றிவரும் வண்டி வேண்டும். நாலு சக்கரமும் இழுக்கிற லாரி அவருக்கு வேறு எங்கே கிடைக்கும்? வண்டியை நேராக டேனியலின் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

டேனியல் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இதே மாதிரி லாரிகளுக்கு மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவன். ஊரில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களைவிட 'மிலிட்டரி' என்பவர்கள்தான் அதிகம். அந்தப் பேரில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வேலையைப் பார்த்தால் அந்தக் கர்வம் தகும் என்றுதான் யாரும் சொல்வார்கள். பழைய சக்கரங்களைக் கழற்றிவிட்டு, சேற்றில் புதையாத அகல டயர் மாட்டிய பெரிய சக்கரங்களைப் போட்டான். டயர் உரசாமல் இருக்க முன்னும் பின்னும் வில் பட்டையில் இரண்டிரண்டு பட்டை கூட்டி, வண்டியை அரை அடி தூக்கினான். ஷாக் அப்சார்பரும் புதுசு. பத்து நாள் வேலை முடிந்தபோது லாரி நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

வெள்ளிக்கிழமை பூஜை. நல்ல நேரம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது ராஜாராம் ஒரு டப்பா சிவப்பு எனாமலோடு வந்து இறங்கினார். சக்கரம், நட்டு, போல்ட் முனை எல்லாம் சிவப்பாக இருக்கவேண்டுமாம். "போல்ட்டு மரையில பெயின்ட் ஏறினா நல்லா இருக்காது மொதலாளி" என்று டேனியல் சொல்லிப் பார்த்தான். "சாமி காரியத்துல இன்னா நீ, ஆயிரம் சொல்லிக்கினு" என்றார் அவர். அதற்குமேல் டேனியல் வாயைத் திறக்கவில்லை. இன்னும் இரண்டு லாரி ஏலத்தில் எடுக்கப்போவதாகவும், அந்த வேலையும் அவனுக்குத்தான் என்றும் அன்று காலைதான் சொல்லியிருந்தார். பெயின்ட் நட்டுகளின்மேல் வழிந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. லாரி கிளம்பியது.

ஓட்டியவன் வசந்த்குமார். டேனியலின் மனைவி பிரிஸ்கில்லாவுக்குத் தம்பி, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். பத்து வருஷம் அடுத்தவர் டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தவனை ராஜாராமிடம் சேர்த்துவிட்டதே டேனியல்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வெளியே வரும்போது அவனிடம் இரண்டு விஷயம் சொன்னான்.

"புதுசா போட்ட சக்கரம். அம்பது கிலோமீட்டர் ஓடினா நட்டு எளகும். எல்லாத்தையும் ஒரு வாட்டி ஸ்பேனர்ல பைப்பு போட்டு முறுக்கிடு. ஸ்டீயரிங்கப் புடிச்சா போனத் தொடாத."

"சரி மாமா" என்றான் வசந்த்குமார். டேனியல் சொன்னால் அவனுக்கு அது வேதவாக்கு.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பட்டறையில் டேனியல் டீயை வாயில் வைக்கும்போது போன் வந்தது.

"மாமா, காவாந்தண்டலத்துல கீறேன். நடவுக்குப் பொம்பளைங்கள ஏத்திக்கினு சாலவாக்கம் கெளம்புறோம். பதினெட்டு பேரு. அக்கா முன்னாடி குந்திக்கினு கீது."

"நட்டு முறுக்கினியா?"

"காத்தாலயே முறுக்கிட்டேன். ரைட் சைடு ஒண்ணும் நகரல. லெப்ட் சைடுதான் எல்லாம் லூசு மாமா. பைப்பு போட்டு அழுத்தினா டக்கு டக்குனு குடுத்துச்சு. கால் சுத்து போனதும் கெட்டியாதான் நிக்குது. நல்ல வேள நீ சொன்ன."

"சரி, பாத்துப் போ" என்று போனை வைத்தான். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு இன்னொரு வாய் டீயும் குடித்தான். அதன்பிறகுதான் உறைத்தது.

இடது பக்கம் மட்டும் எல்லாம் லூசாக எப்படி இருக்கும்?

அந்தப் பட்டாளத்து வண்டியில் இடது சக்கரங்களுக்கு மரை தலைகீழ். ஊரில் மற்ற நட்டெல்லாம் எந்தப் பக்கம் திருப்பினால் இறுகுமோ, அந்தப் பக்கம் திருப்பினால் இவை கழலும். அது தெரியட்டும் என்றுதான் ஒவ்வொரு போல்ட் முனையிலும் 'L' என்று ஒரு எழுத்தை வெட்டியிருப்பார்கள். அந்த எழுத்தின்மேல்தான் சிவப்பு எனாமல் ஏறிக் காய்ந்திருந்தது. வசந்த்குமார் இறுக்கவில்லை, கழற்றிவிட்டிருக்கிறான். கழன்று வந்த நட்டு மரையில் காய்ந்திருந்த பெயின்டில் சிக்கி நின்றதைத்தான் இறுகிவிட்டது என்று நினைத்திருக்கிறான். பதினேழு வருஷம் கை பழகிப்போனதால் டேனியலுக்கு அதைச் சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை.

போன் போட்டான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தால் போனைத் தொடாதே என்று சொன்ன வாயை என்ன செய்வது? பிரிஸ்கில்லா வயல் வேலைக்குப் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிடுவாள், ஒரு போன் ஏற்கெனவே சேற்றில் போயிருந்தது. டீ கிளாசைக் கீழே வைத்தானா போட்டானா என்றே அவனுக்குத் தெரியாது. பைக்கை எடுத்தான்.

ஏரிக்கரை வழியாகத்தான் குறுக்கே வருவார்கள் என்று கணக்குப் போட்டு எதிரே போனான். கர்த்தரே, கர்த்தரே என்பதைத் தவிர வேறு ஜெபம் வாயில் வரவில்லை. ஆயிரம் நட்டு பார்த்தவன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டான். மிலிட்டரியாம், மிலிட்டரி.

கரையின் பாதி தூரத்தில் லாரி எதிரே வந்தது. பின்னால் நின்றிருந்த பெண்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முன்பக்கத்து இடது சக்கரம் ஆடுவது தூரத்திலேயே தெரிந்தது. டேனியல் பைக்கைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் வீசினான். மெதுவாக, மெதுவாக என்று கத்தினான். வசந்த்குமார் மாமாவைப் பார்த்தான். நிறுத்தச் சொல்கிறார் என்று அழுத்திப் பிரேக் போட்டான்.

சக்கரம் கழன்று தனியாக ஓடி ஏரிக்குள் இறங்கியது. லாரியின் மூக்கு இடதுபுறம் குப்புறச் சாய்ந்து, அச்சு கரை மண்ணை உழுதுகொண்டே வந்து, தண்ணீருக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது.

பெண்கள் அலறினார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து அழுதார்கள். டேனியல் ஏறி ஒவ்வொருவராக இறக்கினான். பிரிஸ்கில்லாவுக்கு நெற்றியில் வெட்டு, ரத்தம் கண்ணில் வழிந்தது. மங்கம்மாவுக்கு முன்னங்கை முறிந்து தொங்கியது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். செத்தவர் யாரும் இல்லை என்று இரண்டு முறை எண்ணிப் பார்த்தபிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

ஆம்புலன்ஸ் வந்து மங்கம்மாவை ஏற்றும்போது ராஜாராமும் புல்லட்டில் வந்து சேர்ந்தார். லாரியைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், பெண்களைக் கடைசியாகப் பார்த்தார்.

"எவன்டா நட்டத் தொட்டது?"

வசந்த்குமார் முன்னால் வந்தான். "நான்தாங்க. காத்தால முறுக்கினேன்."

"முறுக்கின சக்கரம் ஏரில கீது. டேனியலு போட்டு வுட்டது நாலு நாளா நல்லாதானடா ஓடிச்சு. உங்களையெல்லாம் நம்பி வண்டியக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். சாவிய எட்து வெச்சிட்டு நட."

இந்த இடத்தில் டேனியல் பேசியிருக்கவேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அதோடு அந்த இரண்டு லாரியும் வந்தன. மிலிட்டரி என்ற பேரும் வந்தது. அடுத்த வாரம் பொறுமையாக எடுத்துச் சொல்லி வசந்த்குமாரைத் திரும்பச் சேர்த்துவிடலாம் என்று ஒரு நினைப்பும் வந்தது. அவன் குனிந்து, தெறித்துக் கிடந்த நட்டு ஒன்றைப் பொறுக்கினான்.

வசந்த்குமார் சாவியை ராஜாராமின் கையில் கொடுத்தான். பிறகு டேனியலின் பக்கத்தில் வந்து குந்தினான். 

"மாமா, நான் இன்னா தப்பு பண்ணேன்? நீ சொன்ன மாதிரிதான் பைப்பு போட்டு முறுக்கினேன். எங்க வுட்டேன்னு காட்டு. இன்னொரு எடத்துல அதே தப்பப் பண்ணிடப் போறேன்."

அவன் குறை சொல்லவில்லை. கற்றுக்கொள்ளத்தான் கேட்டான். டேனியலுக்கு அதுதான் தாங்கவில்லை. பின்சக்கரத்து போல்ட் முனை ஒன்றைக் கத்தியால் சுரண்டினான். சிவப்பு உரிந்து வர, அடியில் எழுத்து தெரிந்தது.

"லெப்ட் சைடு மரை தலைகீழ்டா. நீ முறுக்கினது அவுக்கற பக்கம். நான் உனுக்குச் சொல்லல."

எழுந்து, புல்லட்டை உதைக்கப் போன ராஜாராமின் எதிரே போய் நின்றான். "மொதலாளி, தப்பு இவன் பேர்ல இல்ல. லெப்ட் சைடு தலைகீழ் மரைன்னு இவன்கிட்ட நான் சொல்லல. நட்டுமேல பெயின்டு வேணாம்னு உங்ககிட்ட அழுத்தியும் சொல்லல. ரெண்டும் என் தப்பு" என்றான். நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டு நின்ற பிரிஸ்கில்லா உட்பட எல்லாருக்கும் அது கேட்டது. ராஜாராம் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப இத அவனே ஓட்டட்டும். அந்த ரெண்டு வண்டிய வேற எங்கனா பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். போகிற போக்கில் சாவியைத் தரையில் எறிந்துவிட்டுப் போனார்.

டேனியல் அதை எடுத்து மண்ணைத் துடைத்து வசந்த்குமாரிடம் நீட்டினான். அவன் கையை நீட்டவில்லை.

"அவுரு சாவியக் கேக்கும்போதே இது உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

வசந்த்குமார் அவனிடமிருந்து திரும்பினான். அக்காவின் கையைப் பிடித்து, கரையோடு நடத்திக் கூட்டிக்கொண்டு போனான். டேனியல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, சாய்ந்து கிடந்த லாரியின் பக்கத்தில் நின்றான். பிரிஸ்கில்லா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். வசந்த்குமார் திரும்பவில்லை.